பழைய மேப்பும் கத்தியும் கொஞ்சம் பசையும்

பழைய மேப்புகளை வெட்டிக் கொலாஜ், அதாவது துண்டுகளை ஒட்டி உருவாக்கும் படம், செய்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் இரண்டில் ஒன்று தெரியும். ஒன்று, "அட, காட்டுங்களேன்!" இன்னொன்று, "அதைப் போய் வெட்டுவாங்களா?" இரண்டாவதாகக் கேட்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நியாயமான கேள்வி. கையில் கிடைக்கிற மேப்பையெல்லாம் வெட்டிவிடக் கூடாதுதான். எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று பிரிக்கத் தெரிந்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும்.

நான் பார்க்கிற விதம் இது. முதலில் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்டு ஓடும் கோடுகளும் தாளுக்குள் தெரிந்தால் அது பெரும்பாலும் பழைய கைத்தயாரிப்புத் தாள். நீர்க்குறி (வாட்டர்மார்க்) இருந்தாலும் அப்படியே. அப்புறம் படத்தைச் சுற்றி விரல் நுனியால் தடவுவேன். செப்புத் தகட்டில் அச்சடித்த மேப்பில் தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய தடம் ஒரு செவ்வகமாகக் கையில் தட்டுப்படும். கடைசியில் லென்ஸ். வண்ணம் கையால் பூசியதாக இருந்தால் புள்ளியே இருக்காது. நீர்வண்ணம் எல்லைக் கோட்டை அங்கங்கே தாண்டியிருக்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த மேப் என் மேசைக்கு வராது. மாறாக, லென்ஸில் நீலம், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று சின்னச் சின்னப் புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு. ஏராளமாக அடித்துத் தள்ளியது. நிம்மதியாக வெட்டலாம்.

வெட்ட மனம் வராத மேப்பை ஸ்கேன் செய்து அச்செடுத்துப் பயன்படுத்தலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையான யுஎஸ்ஜிஎஸ், 1884 முதல் வெளியிட்ட தன் பழைய நில அளவைப் படங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றுக்குப் பதிப்புரிமைத் தொல்லை இல்லை. மற்ற வெளியீட்டாளர்களின் மேப்பை நகலெடுத்து விற்பது வேறு சங்கதி. அதற்கு அவர்களின் உரிமை விதியைப் பார்த்தாக வேண்டும். இன்னொன்று: இன்க்ஜெட்டில் எடுத்த அச்சு பல நேரம் ஈரம் பட்டதும் கலங்கும். லேசர் அச்சு அவ்வளவாகக் கலங்காது.

பழைய மேப்புகளை வாங்கும்போது நூலக முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். முத்திரை இருந்து, "நீக்கப்பட்டது" என்ற குறிப்பு இல்லையென்றால் வாங்காதீர்கள். நூலகங்களிலிருந்து மேப் திருடுவது நிஜமாகவே நடக்கிற தொழில். 2005-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் தரையில் கிடந்த ஒரு சின்ன பிளேடுதான் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற மேப் வியாபாரியைக் காட்டிக்கொடுத்தது. 97 மேப்புகளைத் திருடியதாக அடுத்த ஆண்டு அவர் ஒப்புக்கொண்டார். நாம் மேசையில் வைத்திருப்பதும் அதே மாதிரி பிளேடுதான் என்பது எனக்கு அவ்வப்போது நினைவுக்கு வரும்.

மேப்பை வெட்டுவதா என்று பதறுகிறவர்களுக்கு நான் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1918 டிசம்பரில், புதிதாகச் சுதந்திரம் அறிவித்த லாட்வியா தன் முதல் தபால்தலையை அச்சிட்டது. தாளுக்குக் கடும் தட்டுப்பாடு. ஜெர்மன் ராணுவம் விட்டுப்போன மேப்புகளின் வெற்றுப் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டார்கள். அந்தத் தபால்தலையைத் திருப்பினால் சாலைத் துண்டோ காட்டுத் துண்டோ இன்றும் தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, விமானிகள் தப்பிப்பதற்காகப் பட்டுத்துணியில் அச்சிட்ட மேப்புகள் மிஞ்சிப்போக, அவற்றைச் சட்டையாகவும் கவுனாகவும் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். காலாவதியான மேப் வேறொன்றாக மாறுவது நாம் ஆரம்பித்த வழக்கம் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

இந்தக் கலைக்குள் வருகிறவர்கள் முதலில் இடத்தை வைத்துத்தான் யோசிப்பார்கள். தாத்தா பிறந்த ஊர், தேனிலவு போன தீவு, வேலை பார்த்த நகரம். அந்த இடங்களின் துண்டுகளைக் கொண்டு முகம் ஒன்று செய்யலாம் என்று தொடங்குவார்கள். செய்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் முகம் இருக்காது, வெளிறிய தாள் ஒன்றுதான் இருக்கும். காரணம் எளிது. மேப் என்பதே வெளிறலாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு அச்சிடுவது. மேலே ஊர்ப்பெயர்கள் கறுப்பில் வர வேண்டும், அவை வாசிக்கக் கிடைக்க வேண்டும். அதனால் அடியில் வரும் பச்சை, மஞ்சள், நீலம் எல்லாமே இளசாகவே இருக்கும். ஒரு கட்டு மேப்பை விரித்துவைத்தால் முக்கால்வாசி ஒரே வெளிச்சத்தில் இருப்பதைப் பார்க்கலாம். முகத்துக்குக் கண்மணி வேண்டும், மூக்குக்குக் கீழே நிழல் வேண்டும். அந்த இருட்டை எங்கே தேடுவது?

மேப் வாங்கும்போதே நான் இருட்டைத்தான் முதலில் தேடுவேன். பெரிய அளவையில் வரைந்த நகர மேப்புகளில் கட்டடங்களைக் கறுப்புக் கட்டங்களாக அடைத்திருப்பார்கள். நெருக்கமான பழைய நகர்ப்பகுதியை இரண்டடி தள்ளிப் பார்த்தால் அது நல்ல சாம்பல். பள்ளி அட்லஸ்களில் ஆழ்கடலுக்குப் போடும் கருநீலம் கிடைக்கும். உயர்ந்த மலைத்தொடர்களுக்குப் போடும் அடர் பழுப்பு கிடைக்கும். டோப்போ ஷீட் என்று சொல்கிற நில அளவைப் படங்களில் செங்குத்தான சரிவுகளில் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். அதிலும் பெரும்பாலான படங்களில் ஐந்துக்கு ஒரு கோடு தடிப்பாக இருக்கும். அந்த இடத்தை வெட்டி வைத்தால் பழுப்பு நிழல் தயார். சாலை மேப்புகளில் பெருநகரத்தின் நெடுஞ்சாலைச் சிக்கல்கள் சிவப்பான நிழல் தரும், உதட்டுக்கும் காது மடலுக்கும் ஆகும். வெளிச்சத்துக்கோ பஞ்சமே இல்லை. பாலைவனம், உப்புப் படுகை, பனிப்பரப்பு, எதுவும் கிடைக்காவிட்டால் மேப்பின் ஓர மார்ஜின்.

அதனால் என் பெட்டிகளில் நாடுவாரியான பிரிவு கிடையாது. இருட்டு, அரை இருட்டு, நடு, இளசு, வெள்ளை. அவ்வளவுதான். நார்வேயின் கடலோரமும் மெக்சிகோ நகரமும் ஒரே உறையில் கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இது அபசாரமாகத் தெரியும், ஆனால் ஒரு வாரம் இப்படிப் பிரித்து வைத்துப் பாருங்கள், மேப்பைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். பிரிக்கும்போது வண்ணம் ஏமாற்றும். பளிச்சென்ற சிவப்புச் சாலையும் காட்டுப் பச்சையும் வெவ்வேறாகத் தெரிந்தாலும் வெளிச்சம் ஒன்றாகவே இருக்கலாம். சந்தேகம் வந்தால் துண்டுகளை வரிசையாக வைத்து ஃபோனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எது எந்தப் பெட்டிக்கு என்று உடனே தெரிந்துவிடும். ஒட்டும்போதும் நடுநடுவே இதே மாதிரி எடுத்துப் பார்ப்பேன். இருட்டைத்தான் முதலில் ஒட்டுவேன், ஏனென்றால் அதுதான் தீர்ந்துபோகும் சரக்கு.

வெளிச்சத்துக்கு அடுத்தது கோடு ஓடும் திசை. இதில்தான் மேப் மற்ற எந்தத் தாளையும் தாண்டி நிற்கிறது என்பேன். பத்திரிகைத் தாளை வெட்டினால் வண்ணம்தான் கிடைக்கும். மேப்பில் வண்ணத்தோடு ஓட்டமும் சேர்ந்து கிடைக்கும். ஆந்தை ஒன்று செய்தபோது இரண்டு கண்ணுக்கும் எரிமலைகளைத் தேடினேன். ஃபூஜி மாதிரி தனியாக நிற்கும் எரிமலையைச் சுற்றிச் சமஉயரக் கோடுகள் வட்டத்துக்குள் வட்டமாக இறங்கும். உச்சியில் பள்ளம். ஓடைகள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் பிரிந்து போகும். அதை வட்டமாக வெட்டி, பள்ளத்தின் மேல் நகரத்துக் கறுப்புத் துண்டு ஒன்றைக் கண்மணியாக வைத்தால் ஆந்தை முறைக்கவே ஆரம்பித்துவிடும். சிறகுக்கு அமெரிக்காவின் கிழக்கே இருக்கும் அப்பலாச்சியன் மலைப்பகுதி. அங்கே மலைமுகடுகள் நீளநீளமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஆறுகளும் அந்தப் பள்ளத்தாக்குகளில் நேராக ஓடி, சட்டென்று குறுக்கே திரும்பி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும். அந்த வரிகளைச் சிறகின் ஓட்டத்துக்கேற்பத் திருப்பி வைத்தால் போதும், நாம் வரைய ஒன்றுமே இருக்காது. கலைந்த முடிக்கு டெல்டாவின் கிளையாறுகள். கன்னத்துக்கு, மெதுவாக உயரும் குன்றின் அகன்ற இடைவெளிக் கோடுகள்.

அளவையையும் மறக்க வேண்டாம். 1:24,000 ஷீட்டில் ஒரு சென்டிமீட்டர் என்பது 240 மீட்டர் நிலம். 1:2,50,000 ஷீட்டில் அதே ஒரு சென்டிமீட்டர் இரண்டரைக் கிலோமீட்டர். ஆக, ஒரே அளவுத் துண்டில் ஒன்று அகலக் கோடுகளோடு நிதானமாக இருக்கும், மற்றொன்றில் விவரம் நெரிசலாக இருக்கும். நிதானமானதை முன்னாலும் நெரிசலானதைப் பின்னாலும் வைத்தால் படத்துக்கு ஆழம் வருகிறது. கலந்துகட்டி வைத்தால் எல்லாம் ஒரே தளத்தில் தட்டையாகிவிடும்.

எழுத்து ஒரு தனித் தலைவலி. மனிதக் கண் எழுத்தைப் பார்த்தால் வாசிக்காமல் விடாது. மூக்கின் மேல் ஒரு ஊர்ப்பெயர் நேராக இருந்தால் பார்ப்பவர் முதலில் அந்த ஊரைத்தான் வாசிப்பார், மூக்கு அப்புறம்தான். அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். எழுத்து வெறும் கறுப்புப் பொடியாகி நிழலோடு சேர்ந்துவிடும். நான் ஒரு படத்தில் ஒன்றிரண்டு பெயரைத்தான் நேராக விடுவேன், அதுவும் ஓரத்தில். எப்படிச் செய்தாலும் சரி, பார்க்க வருகிறவர்கள் மூக்கைக் கொண்டுபோய்த் தாளில் வைத்துத் தங்களுக்குத் தெரிந்த ஊர் இருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள். இதைத் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம்.

ஊரே முக்கியமாகிவிடுகிற சமயமும் உண்டு. ஒரு பெண் தன் அப்பாவின் சாலை மேப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். லாரி ஓட்டியவர். நிறுத்திய இடங்களில் எல்லாம் பால்பாயின்ட் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். சில வட்டங்கள் அழுத்தியதில் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது. "அப்பா முகத்தை இதிலேயே செஞ்சு தர முடியுமா? ஆனா அந்த வட்டம் ஒண்ணும் போகக் கூடாது" என்றார். "எல்லாத்தையும் காப்பாத்த முடியாதுங்க. முக்கியமானது எதுன்னு நீங்களே குறிச்சுக் கொடுங்க, மீதியை ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்றேன். அரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் அவர் குறித்தது ஏழெட்டு வட்டம். அவை மட்டும் அசல் தாள், மீதி முழுக்க ஸ்கேன் அச்சு.

இங்கே ஒரு நுட்பம். பால்பாயின்ட் மை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கஞ்சிப் பசையில் ஒட்டினால் வட்டங்கள் அப்படியே நிற்கும். ஆனால் ஆல்கஹாலில் கரையும், அதனால் கரைப்பான் கலந்த ஸ்பிரே வார்னிஷ் பட்டால் ஊதா நிறமாகக் கசிந்து பரவும். ஊற்றுப்பேனா மை இதற்கு நேர் எதிர், ஈரம் பட்டதும் கலங்கிவிடும். யாரோ எழுதிய குறிப்புள்ள மேப் கைக்கு வந்தால் மறைவான ஓரத்தில் ஒரு எழுத்தை ஈரப் பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். இன்னொரு எழுத்தின் மேல் நீங்கள் பூசப்போகும் வார்னிஷில் ஒரு பொட்டு. அந்த லாரிக்காரர் படத்துக்கு நான் வார்னிஷே அடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டோம்.

மடிப்புகளைப் பற்றி. மடித்து மடித்துப் பழகிய மேப்பில் மடிப்புக் கோட்டில் மை தேய்ந்து வெள்ளைக் கோடாகியிருக்கும். இரண்டு மடிப்பு சந்திக்கும் இடத்தில் ஓட்டையே விழுந்திருக்கும். இதற்கு இரண்டே வழி. மடிப்பின் மேலேயே வெட்டிவிடுங்கள், அல்லது அதையே ஒரு சுருக்கக் கோடாகப் பயன்படுத்துங்கள். முதியவர் நெற்றிக்கு அதைவிட நல்ல கோடு கிடையாது. சும்மா கசங்கிய தாள் என்றால் தண்ணீரை மெலிதாகத் தெளித்து, இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விட்டால் படிந்துவிடும். மடித்தால் உடைகிற அளவுக்கு மொறுமொறுத்துப்போன மஞ்சள் தாளை நான் எடுப்பதில்லை. மரக்கூழில் செய்த மலிவுத் தாளுக்குள் இருக்கும் அமிலம் அதை உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். ஒட்டினாலும் அது நிற்காது. காலாவதியான கடல் பயண மேப் கிடைத்தால் விடாதீர்கள். மாலுமிகள் பென்சிலால் வழி போட்டு அழித்து மறுபடி போடுவதைத் தாங்க வேண்டும் என்பதற்காகத் தடிமனான நல்ல தாளில் அடித்திருப்பார்கள்.

கத்திக்கு ஒரே விதி: பிளேடை மாற்றிக்கொண்டே இருங்கள். மொட்டை பிளேடு தாளை வெட்டாது, இழுத்துப் பிய்க்கும். ஸ்கேல் இரும்பாக இருக்கட்டும். வெட்டிய விளிம்பில் தாளின் வெள்ளை தெரிந்தால் பக்கத்து வண்ணத்தில் ஒரு பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள். கையால் கிழித்த விளிம்பும் அழகுதான். கிழிக்கும்போது இழுக்கிற திசையை மாற்றினால் வெள்ளை விளிம்பு ஒரு துண்டிலிருந்து மற்றதற்கு மாறும். வேண்டாத தாளில் ஒரு முறை கிழித்துப் பார்த்தால் கைக்குப் புரிந்துவிடும்.

பசையில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. தாளின் நார்கள் ஈரம் குடித்தால் அகலத்தில் உப்பும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. ஆகவே நார் ஓடும் திசைக்குக் குறுக்கே தாள் விரியும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, தாளை மடக்காமல் வளைத்து லேசாக அழுத்துங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. சின்னத் துண்டுகளுக்கு இதெல்லாம் பார்க்க வேண்டாம். பின்னணிக்கு ஒட்டும் பெரிய தாளுக்குக் கட்டாயம் பாருங்கள். அந்தத் தாளைப் பசை தடவிய கையோடு ஒட்டக் கூடாது. சில நிமிடம் விட்டு, விரிந்து அடங்கிய பிறகு ஒட்டினால் குமிழி குறையும். காயும்போது அது சுருங்கி அட்டையை முன்பக்கமாக இழுத்து வளைக்கும். அதற்கு மாற்று, அட்டையின் பின்பக்கத்திலும் அதே கனமான தாள் ஒன்றை அதே நார்த் திசையில் ஒட்டிவிடுவது. இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு அட்டை நேராக நிற்கும். இதைச் செய்யாமல் எவ்வளவு கனம் ஏற்றினாலும், எடுத்த பிறகு மெல்ல வளைந்துவிடும்.

பெரிய தாளுக்கு நான் எடுப்பது கோதுமை ஸ்டார்ச் பசை. ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நாலைந்து பங்கு தண்ணீர். ஊறவைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிளறினால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறவைத்துச் சல்லடையில் தேய்த்து எடுத்தால் கட்டியில்லாத பசை. மெதுவாகத்தான் பிடிக்கும், அதனால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் இருக்கும். பின்னால் யாராவது எடுக்க வேண்டியிருந்தால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். சில நாளில் புளித்துவிடும் என்பதுதான் குறை. சின்னத் துண்டுகளுக்கு அமிலமில்லாத பிவிஏ என்ற வெள்ளைப் பசை. உடனே பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிடித்ததுதான். ரப்பர் பசையும் செல்லோடேப்பும் பக்கத்தில் கூட வேண்டாம். சில ஆண்டில் பழுப்பேறி, கறையை விட்டுவிட்டு ஒட்டு மட்டும் விலகிவிடும்.

ஒட்டியதும் மேலே பட்டர் பேப்பர், அதற்கு மேல் ஒற்றுத்தாள், அதற்கு மேல் கனம். ஒற்றுத்தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். அப்படியும் குமிழி நின்றால் ஊசியால் குத்திக் காற்றை வெளியே தள்ளி, கொஞ்சம் பசை விட்டு அழுத்தலாம். சமஉயரக் கோட்டின் மேலேயே குத்தினால் துளை கண்ணுக்குத் தெரியாது.

மாட்டும் இடத்தில் நேர் வெயில் படக் கூடாது. ஆஃப்செட் மைகளில் மஞ்சளும் மஜந்தாவும் பொதுவாக முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். கடை ஜன்னலில் பல வருடம் கிடந்த போஸ்டர்கள் நீலம் பாய்ந்திருப்பது இதனால்தான். சிவப்புச் சாலைகளை நம்பி உதடு செய்திருந்தால் சில வருடத்தில் முகம் ரத்தமில்லாமல் ஆகிவிடும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் அட்டை) இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரக்காலத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

படத்தின் பின்பக்கத்தில் எந்தெந்த ஷீட்டுகள், எது அசல், எது ஸ்கேன், என்ன பசை, வார்னிஷ் உண்டா இல்லையா, எந்த ஆண்டு என்று எழுதி வைக்கிறேன். பிற்பாடு பழுதுபார்க்கிறவர் ஸ்டார்ச் பசை என்று படித்தால் ஈரப் பஞ்சோடு வேலையைத் தொடங்குவார், பிவிஏ என்று இருந்தால் துண்டைக் கிளப்பவே முயல மாட்டார். பேனாவில் எழுத வேண்டாம், பென்சில் போதும்.